கட்டிப்போன பட்டாணி

சுகாதார அதிகாரி கண்ணாடிக் கதவில் நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்தபோது, என் அண்ணி ஃப்ரீசருக்குள் இடுப்புவரை போயிருந்தார்.

வெளியே தெரிந்தது இரண்டு வெறுங்கால்களும், தோளிலிருந்து தொங்கிய கைப்பையும்தான்.

"தம்பி, பிடிங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது. ஒரு பட்டாணிப் பாக்கெட் நீண்டது. வாங்கினேன். விரல் மரத்துப்போனது.

"இதை என்ன பண்ணணும் அண்ணி?"

"காதுகிட்ட வெச்சு ஆட்டுங்க."

ஆட்டினேன். சுகாதார அதிகாரி திரும்பிப் பார்த்தார். பட்டாணிப் பாக்கெட்டைக் காதில் வைத்து ஆட்டுகிற மனிதனை அவர் தம் பணிக்காலத்தில் பார்த்திருக்க மாட்டார்.

"என்ன கேக்குது?"

"ஒண்ணும் கேக்கல."

"அதான்" என்றார் அண்ணி, ஏதோ கொலைகாரனின் பெயரையே நான் சொல்லிவிட்டது மாதிரி.

அண்ணி பல வருடம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தவர். தானாகவே தீப்பிடித்த கடைகள், தானாகவே பள்ளத்தில் குதித்த கார்கள் எல்லாம் அவர் முன்னால் வந்து உண்மையைக் கக்கியிருக்கின்றன. இப்போது தனியாகத் துப்பறிகிறார். என் அண்ணன் கல்யாணமான நாளிலிருந்து ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. நல்லவன் என்பதால் இல்லை. பலமுறை முயன்று களைத்துப்போனவன் என்பதால். நான் அண்ணிக்கு உதவியாளன். ஸ்கூட்டர் ஓட்டுவது, கதவைத் தட்டுவது, திட்டு வாங்குவது மூன்றும் என் இலாகா.

நாங்கள் நின்றிருந்த இடம் ஒரு உணவு வங்கி. ஒரு காலத்தில் ஃபர்னிச்சர் ஷோரூமாக இருந்த பெரிய கட்டடத்தை ப்ளைவுட் சுவரால் இரண்டாக அறுத்து, முன்பாதியை இவர்களுக்குக் குறைந்த வாடகைக்குக் கொடுத்திருந்தார்கள். கடைகளும் ஹோட்டல்களும் தருகிற அரிசி, மாவு, டின் உணவு எல்லாம் இங்கே அலமாரியில் அடுக்கப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை தேவைப்பட்டவர்களுக்கு இலவசமாகப் போகும். வேலை செய்கிற எவருக்கும் சம்பளம் கிடையாது. அதனால் வேலை செய்கிற எல்லாருக்கும் அதிகாரம் உண்டு. "கை கழுவவும்" என்று நான்கு இடங்களில் எழுதி ஒட்டியிருந்தது; நான்கும் நான்கு பேர் கையெழுத்து.

போன ஞாயிற்றுக்கிழமை இங்கிருந்து கோழி சூப் பாக்கெட் வாங்கிப் போன நான்கைந்து குடும்பங்கள் அன்றிரவே வாந்தி எடுத்தன. ஒரு அம்மா இன்னும் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

எங்களைக் கூப்பிட்டது இந்த இடத்தை நடத்தும் ரிடையரான டீச்சர். பள்ளிக்கூடத்தை அவர் விட்டாலும் அது அவரை விடவில்லை. நாங்கள் உள்ளே வந்ததும், "செருப்பை வரிசையா விடுங்க" என்றார்.

"எப்ப சார் சீல் வைப்பீங்க?" என்று அதிகாரியைக் கேட்டார் டீச்சர். குரல் சீராகத்தான் இருந்தது. கைதான் மேஜை விளிம்பைப் பிடித்திருந்தது.

அதிகாரி நோட்டீஸின் நான்கு மூலைகளையும் விரலால் நீவினார். நல்ல இஸ்திரி போட்ட மனிதர். உள்ளே வரும்போது ஷூவைத் துடைத்தவர், வெளியே போகும்போதும் துடைக்கிற ரகம்.

"முறைப்படி இன்னிக்கு சாயங்காலமே வைக்கணும். ஆனா வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் யாருக்கும் கிடைக்க மாட்டேன். நாளைக்குக் காலைல வர்றேன். அதுக்குள்ள என்ன காரணம்னு நீங்க காட்டினா யோசிக்கலாம். இல்லேன்னா பூட்டுதான்."

அண்ணி வெளியே வந்து ஃப்ரீசர் மூடியை டமாலென்று சாத்தினார். உடனே அதன் மோட்டார் உயிர்பெற்றது. மேட்டில் ஏற முடியாத பழைய லாரி தொண்டையைச் செருமுவதுபோல ஒரு சத்தம். நான் ஓரடி துள்ளினேன்.

அதிகாரி துள்ளவில்லை. கண்ணை மூடினார். மூக்கால் நீளமாக மூச்சை இழுத்தார். கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே மெதுவாக விட்டார். பிறகு கண்ணைத் திறந்து, ஒன்றும் நடக்காதது மாதிரி பசை டப்பாவை மூடினார்.

"சாருக்கு ஆஸ்துமாவா?" என்று கேட்டேன்.

"இல்ல. பழக்கம்" என்று சொல்லிவிட்டு, ஷூவைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

அண்ணி அவர் போன திசையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

வாசலில் ஒரு பெண் நின்றாள். கையில் மடித்த காலிப் பை. நோட்டீஸை மேலிருந்து கீழே படித்தாள். மறுபடி ஒருமுறை படித்தாள். எங்களிடம் எதுவும் கேட்காமல் திரும்பிப் போனாள்.

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

"வெளியில கவிழ்த்த கூடை மேல உக்காந்திருக்காரே, அவர் யாரு?" என்றார் அண்ணி.

"அவரா? எங்க காலாவதி."

"என்னது?"

"எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். ஒவ்வொரு பாக்கெட்லயும் காலாவதி தேதி பாக்கற வேலை அவருது. ஒரு நாள் தாண்டியிருந்தாலும் தூக்கிப் போட்டுடுவார். அந்த சூப்பையும் அவர்தான் எடுத்துக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில இருக்கறது..." டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "அவரோட சொந்தத் தங்கச்சி. அண்ணன் கையால வாங்கிட்டுப் போனா."

நாங்கள் வெளியே போனோம். காலாவதிக்கு அறுபது வயதிருக்கும். சட்டைப் பையில் ஒரு பூதக்கண்ணாடி. முகத்தில் பல நாள் தாடி.

"தேதி சரியாத்தாம்மா இருந்துச்சு" என்றார் அண்ணியைப் பார்க்காமலே. "ரெண்டு தடவை பார்த்தேன். இன்னும் நாலு மாசம் இருந்துச்சு. அவதான் 'எனக்கு வேணாம்ணா, மத்தவங்களுக்குக் கொடு'ன்னா. நான்தான் பையில திணிச்சேன். உடம்பு இளைச்சிட்டா, சூடா குடிக்கட்டும்னு... எல்லாரும் என்னை ஒரு மாதிரி பாக்கறாங்க. பாக்கட்டும். அவளும் அப்படித்தான் பாக்கறா."

"சாப்பிட்டீங்களா?"

"எதைம்மா நம்பிச் சாப்பிடறது?"

என்னிடம் எப்போதும் ஒரு நக்கல் கையிருப்பில் இருக்கும். அப்போது இல்லை.

*

"சூப் நல்ல சூப். தேதியும் நல்ல தேதி" என்றார் அண்ணி, மறுபடி ஃப்ரீசர் முன்னால் நின்று. "தம்பி, கடையில உறைஞ்ச பட்டாணி வாங்கியிருக்கீங்களா?"

"சாப்பிட்டிருக்கேன். வாங்கறது அண்ணன் வேலை."

"பட்டாணி தனித்தனியா உறைஞ்சிருக்கும். ஆட்டினா கிலுகிலுப்பை மாதிரி சத்தம் வரணும். இது?"

"செங்கல். வீடு கட்டலாம்."

"ஒரு தடவை இளகி, தண்ணி விட்டு, திரும்ப ஒண்ணோட ஒண்ணு ஒட்டி உறைஞ்சிருக்கு. இதையும் பாருங்க." மிச்சமிருந்த ஒரு சூப் பாக்கெட்டைத் தூக்கிக் காட்டினார். அதன் அடிப்பக்கம் முழுக்க கோடு கோடாகப் பள்ளம். கம்பிக் கூடையின் அச்சு அப்படியே பதிந்திருந்தது. "கல்லு மாதிரி உறைஞ்ச பாக்கெட் கம்பி வழியா தொங்குமா? இது தொளதொளன்னு ஆகி, கம்பிக்குள்ள இறங்கி, அப்புறம் திரும்ப உறைஞ்சிருக்கு. ஏற்கெனவே வேகவெச்ச சூப். ஒரு ராத்திரி முழுக்க வெதுவெதுப்புல கிடந்தா, கிருமிங்க குடும்பத்தோட குடியேறிடும். திரும்ப உறைய வெச்சாலும் அதுங்க பண்ணின அசிங்கம் போகாது."

"கரெண்ட் போயிருக்குமோ?" என்றார் டீச்சர்.

அண்ணி சுவரிலிருந்த கடிகாரத்தைக் காட்டினார். சிவப்பு எண்கள் ஓடும் மின்சாரக் கடிகாரம். "கரெண்ட் போய் வந்தா இந்த மாதிரிக் கடிகாரம் பூஜ்யத்துல நின்னு கண்ணடிக்கும். யாராவது திருத்தினீங்களா?"

"ஞாபகத்துல இருக்கறவரை யாரும் தொட்டதில்ல."

"அப்ப ஃப்ரீசருக்கு மட்டும் கரெண்ட் நின்னிருக்கு."

"ப்ளக்கை யாரோ பிடுங்கியிருக்காங்க!" என்றேன். "சதி!"

"பின்னாடி போய்ப் பாருங்க."

அலமாரிக்கும் ஃப்ரீசருக்கும் நடுவில் என்னைச் செருகிக்கொண்டேன். ப்ளக் இருந்தது. அதன்மேல் பெரிய சிலந்தி வலை இருந்தது. சிலந்தி என்னைப் பார்த்து எரிச்சலானது.

"இங்க ஒரு கூட்டுக்குடும்பமே இருக்கு அண்ணி. இதை யாரும் தொடல."

டீச்சரின் முகம் சிவந்தது. "பின்னாடி துடைக்கறது யார் பொறுப்புன்னு மீட்டிங் போட்டோம். ரெண்டு மீட்டிங்."

"முடிவு?"

"மூணாவது மீட்டிங் போடறதா முடிவாச்சு."

"சாக்கெட் பக்கத்துல சுவிட்சு இருக்கா தம்பி?"

இல்லை. சாக்கெட்டிலிருந்து ஒரு குழாய் கிளம்பி, சுவரோடு ஏறி, ப்ளைவுட்டில் ஒரு ஓட்டைக்குள் நுழைந்து மறுபக்கம் போயிருந்தது. ஷோரூமைப் பிரித்த புண்ணியவான் கட்டடத்தைப் பிரித்தான், ஒயரைப் பிரிக்கவில்லை.

"அந்தப் பக்கம் என்ன?"

"தியான வகுப்பு. வாசல் பின் தெருவுல. எங்களுக்கும் அவங்களுக்கும் பேச்சுவார்த்தையே இல்ல" என்ற டீச்சர், "சண்டை எல்லாம் இல்ல. அவங்க பேசறதே இல்ல" என்று திருத்தினார்.

*

பின் தெருவுக்குப் போக மூலைக் கட்டடத்தைச் சுற்றி, சலவைக் கடையையும் சைக்கிள் கடையையும் தாண்ட வேண்டியிருந்தது. முன்பக்கம் பார்த்தவனுக்கு இதுவும் அதே கட்டடம் என்று தோன்றவே தோன்றாது. வெளிர்நீல வாசல், மூங்கில் திரை, "அமைதி" என்று ஒரு பலகை.

உள்ளே ஒரு மனிதர் போனில் கத்திக்கொண்டிருந்தார்.

"பாய் பத்து கேட்டேன், நீ எட்டு அனுப்பியிருக்க! மிச்சம் ரெண்டு பேர் என்ன தரையிலயா உக்காந்து முக்தி அடைவாங்க?"

எங்களைப் பார்த்ததும் போனை வைத்தார். முகத்தில் ஒரு சாந்தம் வந்து அமர்ந்தது.

"வாங்க. மனசு பாரமா இருக்கா?"

இவரை எல்லாரும் 'மௌனம் மாஸ்டர்' என்று அழைப்பார்களாம். பாராட்டா கேலியா என்று அவருக்கே தெளிவில்லை.

அண்ணி நேராகக் கூடத்தின் மூலைக்குப் போனார். அங்கே பழைய சுவிட்சுப் பலகை ஒன்று. ஒவ்வொன்றின் கீழும் விளக்கு, ஃபேன் என்று எழுதியிருந்தது. கடைசி சுவிட்சின் கீழ் மட்டும் ஒன்றுமில்லை.

"இது எதுக்கு?"

"தெரியாதும்மா. நான் வாடகைக்கு வரும்போதே இருக்கு. தெரியாத விஷயத்தை நான் தொடறதில்ல."

அண்ணி தொட்டார். டக்.

சுவருக்கு அப்பாலிருந்து வந்துகொண்டிருந்த லாரிச் சத்தம் நின்றது. அடுத்த நொடி ப்ளைவுட்டைத் தாண்டி டீச்சரின் குரல் வந்தது: "ஐயோ, நின்னுடுச்சு!"

அண்ணி மறுபடி போட்டார். லாரி கிளம்பியது.

நான் மௌனம் மாஸ்டரை முறைத்தேன். "சத்தம் தொந்தரவா இருக்குன்னு நீங்கதானே அணைச்சீங்க?"

"நானா? தம்பி, சத்தம்தான் குரு. அந்த உறுமல் வரும்போது மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லித்தான் என் பசங்களுக்குப் பயிற்சியே தர்றேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். கண்ணில் ஒரு பளபளப்பு வந்தது. "யாருக்கும் சொல்லாத ஒண்ணு சொல்றேன். கொஞ்ச நாளா வெள்ளிக்கிழமை வகுப்புல ஒரு அற்புதம் நடக்குது. எல்லாரும் ஆழத்துக்குப் போற நேரம், அந்த உறுமல் தானா அடங்கிடும். முழு நிசப்தம். கூட்டு மனசோட சக்தி. நான் கண்ணைத் திறந்து பார்த்ததே இல்ல; திறந்தா கலைஞ்சிடும்."

"கலைஞ்சிடத்தான் போகுது" என்றார் அண்ணி மெதுவாக.

கூடத்தைக் கூட்டிக்கொண்டிருந்த அக்கா துடைப்பத்தை நிறுத்தினார். "அந்தப் பேரில்லாத சுவிட்சா? சனிக்கிழமை காலைல நான் வந்தா அணைஞ்சு கிடக்கும். மத்த நாள்ல போட்டபடியே இருக்கும். எது எதுக்குன்னு தெரியாம நான் எல்லாத்தையும் போட்டு விட்டுடுவேன்."

அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் யாரோ அணைக்கிறார்கள். இரவு முழுக்க ஃப்ரீசர் வியர்க்கிறது. சனிக்கிழமை காலையில் அக்கா போட்டுவிட, எல்லாம் மறுபடி உறைகிறது. ஞாயிற்றுக்கிழமை டீச்சர் மூடியைத் திறக்கும்போது எல்லாம் ஜில்லென்று யோக்கியமாகப் படுத்திருக்கிறது. முன்பெல்லாம் அதில் பட்டாணியும் ரொட்டியும்தான் இருந்தன, ஒன்றும் ஆகவில்லை. போன வாரம்தான் ஒரு ஹோட்டல் உறைந்த கோழி சூப் பாக்கெட்டுகளைக் கொடுத்தது.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை" என்றேன்.

"பரவாயில்லையே. அதையும் நானே கண்டுபிடிக்க வேண்டியிருக்குமோன்னு பயந்தேன்" என்றார் அண்ணி. பிறகு மாஸ்டரிடம், "சாயங்காலம் நாங்க ரெண்டு பேரும் உக்காரலாமா? பின்னால, அந்தப் பாய் அடுக்குக்குப் பின்னாடி. யார்கிட்டயும் சொல்ல வேணாம்."

"முதல் வகுப்பு இலவசம்" என்றார் மௌனம் மாஸ்டர்.

*

சுருட்டிய பாய்களுக்குப் பின்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தோம். மங்கலான ஒரு விளக்கு. ஆட்கள் ஒவ்வொருவராக வந்து, செருப்பை விட்டு, பாயை விரித்து உட்காரும் சத்தம் கேட்டது. பாய் அடுக்கு எங்களை மறைத்தது; எங்களிடமிருந்து அவர்களையும் மறைத்தது.

"மாஸ்டர்தான் அண்ணி" என்று கிசுகிசுத்தேன். "அற்புதத்தைத் தானே செஞ்சுட்டு நம்மகிட்ட கதை விடறார். பந்தயம்."

"அவருக்கு அந்த அற்புதம் நிஜம் தம்பி. பொய் சொல்றவன் இவ்வளவு சந்தோஷமா சொல்ல மாட்டான். வாயை மூடுங்க."

"பின்ன யாரு?"

"மூச்சை இழுக்கத் தெரிஞ்சவரு."

அங்கே வந்திருந்த அத்தனை பேரும் மூச்சை இழுக்கத்தான் வந்திருந்தார்கள். இந்தத் துப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

"கண்ணை மூடுங்க" என்றார் மாஸ்டர். மூடினேன். உடனே இடது கால் மரத்தது. மூக்கு அரித்தது. மதியம் சாப்பிடவில்லை என்பது ஞாபகம் வந்தது. மனம் ஒருமுகப்பட்டது, ஒரு தட்டு சாப்பாட்டின்மேல்.

சுவருக்கு அப்பால் லாரி செருமியது.

"சத்தம் வருது. எதிர்க்காதீங்க. மூச்சை இழுங்க. விரலை விரலால தொடுங்க. மெதுவா விடுங்க..."

கூடம் முழுவதும் ஒரே மூச்சு உள்ளே போனது. என் வயிறு தனியாக ஒரு பதில் சொன்னது.

அப்போது பாயிலிருந்து யாரோ எழும் சத்தம். வெறுங்காலின் மெத்தென்ற நடை. எங்களைத் தாண்டி மூலைக்குப் போனது. நின்றது.

டக்.

லாரி செத்தது. கூடம் அப்படியே பஞ்சுபோல ஆனது. எங்கோ முன்வரிசையில் ஒரு பெண், "ஆஹா" என்று முனகினாள்.

உடனே பளீரென்று எல்லா விளக்குகளும் எரிந்தன. அண்ணி எப்போது எழுந்தார், எப்போது போனார், எனக்குத் தெரியாது. மூலையில் நின்றிருந்தார். அவருக்குப் பக்கத்தில், பேரில்லாத சுவிட்சின் மேல் விரலை வைத்தபடி, ட்ராக் பேண்ட் போட்ட ஒரு மனிதர்.

காலையில் பார்த்த அதே இஸ்திரி. ட்ராக் பேண்ட்டுக்கும் இஸ்திரி போட்டிருந்தார்.

"வணக்கம் சார்" என்றார் அண்ணி. "அந்த நோட்டீஸ் ஒட்டின பசை மிச்சம் இருக்கா? இந்தப் பக்கமும் ஒண்ணு ஒட்டணும்."

சுகாதார அதிகாரி அண்ணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். நிசப்தத்தைத் தாண்டி, அந்தப் பக்கத்திலிருந்து டீச்சரின் குரல் வந்தது: "திரும்பவும் நின்னுடுச்சும்மா!"

அவர் முகம் வெளிறிப்போவதை நான் நேரில் பார்த்தேன்.

"இது... இது அவங்க..."

"ஃப்ரீசர்" என்றார் அண்ணி. "காலைல அது உறுமினப்ப, என் தம்பி துள்ளினார். யாரும் துள்ளத்தான் செய்வாங்க. நீங்க கண்ணை மூடி மூச்சை இழுத்து விரலைத் தொட்டீங்க. புதுசா ஒரு சத்தம் கேட்டா யாரும் அப்படிச் செய்ய மாட்டாங்க. அந்தச் சத்தத்துக்குன்னே பழகினவங்கதான் செய்வாங்க. அப்ப எனக்கு அர்த்தம் புரியல. மாஸ்டர் தன் பயிற்சியைச் சொன்னப்ப புரிஞ்சுது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிடைக்க மாட்டேன்னு வேற சொன்னீங்க."

"ஏதோ எக்ஸாஸ்ட் ஃபேன்னு நினைச்சேன்" என்றார் அதிகாரி. "நாள் பூரா போன் அடிக்குது மேடம். புகார், எலி, சாக்கடை, புகார். வாரத்துல இந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு. அதுலயும் இது உறுமிக்கிட்டே... ஒரு நாள் சும்மா ஒவ்வொரு சுவிட்சா தட்டிப் பார்த்தேன். நின்னுது. அப்புறம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும்... திரும்பப் போடணும்னு தோணவே இல்ல." பாயின்மேல் மெல்ல உட்கார்ந்தார். "அந்தக் குடும்பங்க எல்லாம். நானா?"

மௌனம் மாஸ்டர் அண்ணியிடம் நெருங்கி வந்தார்.

"அப்போ அந்த நிசப்தம்... அது நான் இல்லையா?"

"இல்ல மாஸ்டர்."

அவரும் பக்கத்துப் பாயில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு அதிகாரியைக் கிண்டல் செய்ய ஏழெட்டு வாக்கியங்கள் வரிசையில் நின்றன. அவருடைய கையைப் பார்த்தேன். கட்டைவிரல் மற்ற விரல்களைத் தேடித் தேடித் தவறிக்கொண்டிருந்தது. வரிசையைக் கலைத்து அனுப்பிவிட்டேன்.

"ஒண்ணு சொல்லணும்" என்றார் அண்ணி. "தப்பு முழுக்க உங்களது மட்டும் இல்ல. அவங்களும் தேதி பார்த்தாங்களே தவிர, குளிர் இருக்கான்னு பார்க்கல. உள்ள ஒரு தெர்மாமீட்டர் கிடையாது. வெள்ளிக்கிழமை பூட்டினா ஞாயித்துக்கிழமைதான் எட்டிப் பாக்கறாங்க. டீச்சருக்கு நான் தனியா ஒரு டோஸ் வெச்சிருக்கேன்."

அதிகாரி எழுந்து, பாயை ஓரம் பார்த்து ஒழுங்காகச் சுருட்டினார்.

"அந்தப் பெட்டியில இருக்கறதை எல்லாம் கொட்டணும். இந்த சுவிட்சை இங்கேர்ந்து எடுக்கணும். அதுவரைக்கும் ஃப்ரீசருக்குத் தடை. மத்தபடி அரிசி, மாவு, டின் எல்லாம் ஞாயித்துக்கிழமை கொடுக்கட்டும். நோட்டீஸை நானே கிழிக்கிறேன். மேலிடத்துக்கும் நானே சொல்றேன்." கதவருகே போய் நின்றார். "அந்த அம்மா எந்த ஆஸ்பத்திரி?"

*

பார்வையாளர் நேரம் முடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. வார்டில் ஜன்னலோரக் கட்டில். கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்த அந்த அம்மா இளைத்திருந்தார். குரல் மட்டும் இளைக்கவில்லை, படிக்கட்டிலேயே கேட்டது.

"தண்ணியைக்கூட மோந்து பார்த்துட்டுக் கொடுக்கறான் இப்ப! அன்னிக்குப் பார்த்திருக்கணும்!"

கட்டிலின் காலருகே ஸ்டூலில் காலாவதி உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். அண்ணியின் பின்னால், பாயைக் கக்கத்தில் இடுக்கியபடி ட்ராக் பேண்ட்டில் வந்த மனிதரை அடையாளம் கண்டதும் அவர் முகம் சுருங்கியது.

"சார்... என்னைக் கைது பண்ண வந்தீங்களா?"

"உக்காருங்க" என்றார் அதிகாரி. காலாவதி உட்காரவில்லை. அதிகாரி நின்றபடியே சொன்னார். தியானம், சத்தம், சுவிட்சு, எல்லாவற்றையும். ஒரு வார்த்தையைக்கூட மென்று முழுங்கவில்லை. சாக்கும் சொல்லவில்லை, போன் அடிப்பதைப் பற்றி இந்த முறை பேசவே இல்லை. கடைசியில், "உங்க தேதி சரிதான் ஐயா. தப்பு என் கையிலதான்" என்றார்.

காலாவதியின் கை சட்டைப் பையிலிருந்த பூதக்கண்ணாடியைத் தொட்டது.

"அப்போ அது... நான் இல்லையா?"

"நீங்க இல்ல."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. தங்கை கட்டிலிலிருந்து எட்டி, சலைன் ஏறாத கையால் அண்ணன் தலையில் ஒரு குட்டு வைத்தார். பிறகு அந்தக் கையை அங்கேயே வைத்துக்கொண்டார்.

"ஏன்ணா அழற? வார்டே பாக்குது. இந்தா, இந்த ரொட்டியைத் தின்னு. அஞ்சு நாளா பச்சைத் தண்ணிதான் குடிக்கறான் சார் இவன். எனக்குக் குளுக்கோஸ் ஏத்தறாங்க, இவனுக்கு யாரு ஏத்தறது?"

அவர் ரொட்டியை வாங்கினார். கடித்தார். அழுதுகொண்டே மென்றார். தின்ன ஆரம்பித்ததும் நிறுத்தவே இல்லை. தங்கைக்கு வைத்திருந்த பாலையும் குடித்து முடித்தார்.

அந்த அம்மா இப்போது அதிகாரியின் பக்கம் திரும்பினார். ஏற இறங்கப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். நான் மட்டுமல்ல, அதிகாரியும் தயாராகத் தலையைக் குனிந்து நின்றார்.

"நான் ஒரு காரியம் பண்ணிட்டேன் சார்" என்றார் அவர். "வலி தாங்காம, அண்ணன் எனக்கு விஷம் வெச்சுட்டான்னு சொந்தக்காரங்க எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிட்டேன்."

"எல்லாருக்குமா?" என்றார் அண்ணி.

"சித்தப்பா வீடு, பெரியம்மா வீடு, மாமியார் வீடு, என் நாத்தனார். நாத்தனாருக்குச் சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி. இப்ப இவன் எந்த வாசலுக்குப் போனாலும் காபிகூடத் தர மாட்டாங்க. நான் திரும்ப போன் போட்டு, இல்ல இல்ல அவன் இல்லன்னு சொன்னா, பாசத்துல மறைக்கறேன்னுதான் நினைப்பாங்க."

தலையணைக்கு அடியில் கையை விட்டு போனை எடுத்தார். எதையோ அழுத்தினார். மறுமுனையில் யாரோ எடுத்து, எடுத்ததுமே கத்த ஆரம்பித்தது எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

அந்த அம்மா போனை அதிகாரியிடம் நீட்டினார்.

"சித்தப்பா முதல்ல. அவருக்குக் கொஞ்சம் காது மந்தம், சத்தமா சொல்லுங்க."

அதிகாரி பாயைக் கட்டிலில் வைத்தார். போனை வாங்கினார். தொண்டையைச் செருமிக்கொண்டார். வார்டு மொத்தமும் திரும்பிப் பார்க்க, உரத்த குரலில் ஆரம்பித்தார்:

"வணக்கங்க! அண்ணன் இல்லீங்க! நான்தாங்க!"